முகம் வரையப் பழக எது நல்ல வழி: மேதையின் ஓவியமா, புகைப்படமா, எதிரில் உட்காரும் ஆளா?

ஆயில் பெயிண்டில் ஒரு மனித முகத்தை உருப்படியாக வரையக் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய மேதை ஒருவரின் உருவப்படத்தைப் பிரதி எடுக்கலாம். புகைப்படம் பார்த்து வரையலாம். ஆளை எதிரில் உட்காரவைத்தோ, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தோ வரையலாம். பெரும்பாலோர் அதிகம் யோசிக்காமல் புகைப்படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது போனிலேயே இருக்கிறது, அசையாது, அலுத்துக்கொள்ளாது. பிரதி எடுப்பதென்றால் மட்டும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. அடுத்தவர் படத்தைப் பார்த்துப் போடுவதில் நம் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

நான் பிரதியின் பக்கம்தான். பென்சிலில் முகத்தின் அளவுகள் ஓரளவு கைவந்துவிட்ட ஒருவருக்கு, பெயிண்ட் பிடிபட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பிரதியில் கற்றதை ஆறவிடாமல் உடனே ஓர் உயிருள்ள முகத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வேலை நடக்காவிட்டால், எவ்வளவு அச்சு அசலாகப் பிரதி எடுத்தாலும் அது சுவரில் மாட்டும் படமாகவே நின்றுவிடும்.

இந்த இரண்டாவது வேலையின் அருமை தெரிய ஒரே ஓர் ஓவியத்தின் கதை போதும். ராஃபேல் 1514–15 வாக்கில் தன் நண்பர் பால்தஸாரே காஸ்தில்யோனேயை வரைந்தார். அந்தப் படம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரூபன்ஸ் அதை முழுதாக ஆயிலில் பிரதி எடுத்தார். ரெம்பிராண்டோ, 1639இல் ஆம்ஸ்டர்டாமில் அது ஏலத்துக்கு வந்தபோது பார்த்துவிட்டுப் பேனாவால் மளமளவென்று ஒரு சிறு படம் கிறுக்கிக்கொண்டார். 3500 கில்டருக்குப் போனது என்று அந்தத் தாளிலேயே விலையையும் குறித்துவைத்தார். அடுத்த ஆண்டு அவர் வரைந்த தன் உருவப்படத்தைப் பாருங்கள்: உடல் திரும்பியிருக்கும் விதத்தில், கை ஊன்றியிருக்கும் தோரணையில் ராஃபேலும் இருக்கிறார், டிஷியனும் இருக்கிறார். முகமும் வெளிச்சமும் மட்டும் முழுக்க முழுக்க ரெம்பிராண்டுடையவை. ரூபன்ஸுடையது பல நாள் உட்கார்ந்து எடுத்த பிரதி, ரெம்பிராண்டுடையது சில நிமிடத்தில் எடுத்த குறிப்பு. இரண்டுமே பிரதிதான். எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எப்படி எடுப்பது என்பது மாறுகிறது.

பிரதி தொடக்கக்காரர்களுக்கான பாடம் என்று நினைப்பவர்களுக்கு ரூபன்ஸே பதில். அவர் 1628–29இல் மாட்ரிட்டில் தங்கி டிஷியனின் ஓவியங்களை வரிசையாகப் பிரதி எடுத்தபோது ஐம்பதைத் தாண்டியவர், ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றவர். ஜான் சிங்கர் சார்ஜன்ட்டும் தன் ஆசிரியர் கரோலஸ்-டுரானிடம் சில ஆண்டுகள் பயின்ற பிறகுதான் 1879இல் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸையும் 1880இல் ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹால்ஸையும் பிரதி எடுக்கப் போனார். அவரிடம் கேள்விகள் இருந்தன, பதில் தேடிப் போனார்.

பிரதி எதைக் கற்றுத்தருகிறது?

எதை விட்டுவிட வேண்டும் என்பதை. என்னைப் பொறுத்தவரை இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம். எதிரில் இருக்கும் முகத்திலும் புகைப்படத்திலும் எல்லாமே இருக்கிறது: ஒவ்வொரு மயிர்க்கால், ஒவ்வொரு சுருக்கம், இமையின் ஒவ்வொரு முடி. எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். பழகாத கைக்கு அது முடிவதில்லை, எல்லாவற்றையும் போட்டுவிடுகிறது. மேதையின் ஓவியத்தில் அந்தத் தீர்மானங்கள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கின்றன. பாட்டு கற்பவர் குருவின் சங்கதியை அப்படியே பாடிப்பாடி, அது ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று பிறகு கண்டுகொள்வது போல, நாமும் கையால் தொடர்ந்துபோய்க் காரணத்தைப் பிறகு பிடிக்கிறோம்.

வெர்மீரின் முத்துத்தோடு அணிந்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1665 வாக்கில் வரைந்தது, உயரம் 44.5 சென்டிமீட்டர், அகலம் 39. அவள் மூக்கின் மேல்பகுதியைக் கவனித்தால், மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இருக்காது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒரே நிறமாகக் கலந்துபோயிருக்கின்றன. ஆனாலும் நமக்கு மூக்கு தெரிகிறது. இதைப் பார்த்து ரசிப்பது எளிது. பிரஷைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு வரும்போதுதான், அங்கே ஒரு கோடு போட்டே ஆகவேண்டும் என்று கை எவ்வளவு பதறுகிறது என்பது தெரியும். அந்தப் பதற்றத்தை அடக்கிக் கோடு போடாமல் விட்டவர், அடுத்த முறை உண்மையான முகத்தில் அதே மாதிரி விளிம்பு கரையும் இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். தோடும் அப்படித்தான். கழுத்தின் நிழலுக்குள் தொங்கும் அதற்குக் கொக்கிகூட வரையப்படவில்லை. மேலே அடர்த்தியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் எதிரொளியாக மங்கலான ஒன்று. முத்து அவ்வளவுதான்.

நிறக்கலவைக்கும் இது நல்ல பள்ளிக்கூடம். முகத்துக்கு எந்தக் கலர் என்று கேட்டால் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும், நான்கே நிறங்கள் கொண்ட பாலெட்டை (நிறம் கலக்கும் பலகை) வைத்துப் பழகினால் இது கையோடு விளங்கும்: வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு. நீலமே இல்லை. ஆனால் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலைச் சூடான தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது நீலமாகத் தெரியும். இப்படிப்பட்ட விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் தன் கேன்வாஸில் நடக்கக் காண்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அதெல்லாம் சரி, பிரதி எதைக் கற்றுத்தராது? முப்பரிமாணத் தலையைத் தட்டையான துணிக்கு மாற்றும் வேலையை அது கற்றுத்தராது. அந்த வேலையை ஓவியர் முன்பே செய்து முடித்துவிட்டார். ஆளை எங்கே உட்காரவைப்பது, வெளிச்சத்தை எந்தப் பக்கம் திருப்புவது, முகச்சாயலை எதில் பிடிப்பது, இதெல்லாமும் வராது. ஆகவேதான் வருடக்கணக்காகப் பிரதி மட்டுமே எடுக்கிறவர்கள், ஒருநாள் உயிருள்ள முகத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பிரதி எடுப்பது ஓவியர் வரைந்து முடித்த அன்றைய படத்தை அல்ல, காலம் மாற்றிவிட்ட இன்றைய படத்தை. வார்னிஷ் பழுத்து மஞ்சளாகியிருக்கும், சில நிறங்கள் வெளிறியிருக்கும், பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். வெர்மீரின் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்று நாம் பார்ப்பது வெறும் கறுப்பு. மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் 2018இல் தொடங்கி நடத்திய ஆய்வில், அங்கே முதலில் ஒரு பச்சைத் திரை மடிப்புகளோடு இருந்தது தெரியவந்தது. கருமைக்கு மேல் இண்டிகோ நீலமும் வெல்ட் என்ற தாவர மஞ்சளும் கலந்து மெல்லியதாகப் பூசப்பட்டிருந்த அந்தப் பச்சை காலப்போக்கில் மறைந்துவிட்டது. ஆகவே மஞ்சள் படிந்த தோலைப் பார்த்து இதுதான் மேதையின் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சமும் நிழலும் பிரியும் இடம், விளிம்புகள், பிரஷ் போன திசை, இவற்றை நம்பலாம். மொத்த நிறத்தொனியைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள்.

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கற்கும் காலத்தில் அதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். கைநீட்டும் தூரத்தில் எடுத்த போன் படத்தில் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய், முகம் ஒடுங்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் நுட்பமான நிறங்கள் கறுப்பில் மூழ்கிப்போகும், அதிக வெளிச்சம் விழுந்த இடம் வெறும் வெள்ளையாகும். கண்ணால் பார்ப்பவர் இந்த இரண்டையும் தாண்டிப் பார்க்கிறார். கேமராவுக்கு அது முடியாது. ஆள் முகம் தெரிந்து, பெயிண்டும் தெரிந்தவர் புகைப்படத்தின் பொய்களைத் திருத்திக்கொண்டு வேலை செய்வார். கற்கிறவர் அந்தப் பொய்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார். ஓடியாடும் குழந்தையை வரைய வேண்டும், மறைந்துபோன ஒருவரை வரைய வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அப்போதும் சற்றுத் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி எடுத்த படம் இருந்தால் நல்லது.

எதிரில் உட்காரும் ஆள் என்பது கடைசியில் எல்லோரும் போய்ச் சேரவேண்டிய இடம். அங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் தொடக்கத்தில் அது ஒரே நேரத்தில் எல்லாப் பரீட்சையையும் எழுதச் சொல்கிறது: அளவு, டோன் (வெளிச்சம்-இருட்டின் ஏற்ற இறக்கம்), நிறம், பெயிண்டின் பதம், இவற்றோடு அசைகிற தலை, நகர்கிற வெளிச்சம். மாடலுக்கு இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தரவேண்டும்; திரும்பி வந்து உட்காரும்போது தலை கொஞ்சம் மாறியிருக்கும். இதில் எது தவறிப்போனது என்றே கற்கிறவருக்குப் புரியாது. பழைய ஐரோப்பிய அகாடமிகள் முதலில் அச்சுப்படங்கள், பிறகு பிளாஸ்டர் சிலைகள், அப்புறம்தான் உயிருள்ள மாடல் என்று படிப்படியாக விட்டதற்குக் காரணம் இதுதான். லியொனார்டோவும் தன் குறிப்புகளில் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆள் கிடைக்காதவருக்குக் கண்ணாடி இருக்கிறது. ரெம்பிராண்ட் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தன் முகத்தையே வரைந்தார். கண்ணாடி முன்னால் உட்காரும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிம்பம் கண்ணாடிப் பரப்பில் இல்லை, அதற்குப் பின்னால் அதே தூரத்தில் இருக்கிறது. கண்ணாடியின் மேலேயே முகத்தின் ஓரத்தைக் கோடிட்டுப் பார்த்தால் அது உண்மை அளவில் சரிபாதிதான் இருக்கும். அதனால் கண்ணாடியை நெருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரே குறை, கண்கள் எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கும்.

யாரைப் பிரதி எடுப்பது?

பிரதி என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி இது. பிடித்த ஓவியத்தை எடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. லியொனார்டோவையோ வெர்மீரையோ எடுத்தால் மெல்லிய பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கும்; எந்த அடுக்கு முதலில் வந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முடிவை மட்டும் போலி செய்துகொண்டிருப்போம். ஹால்ஸையோ சார்ஜன்ட்டையோ எடுத்தால் ஒவ்வொரு பிரஷ் வீச்சும் வெளிப்படையாகத் தெரியும், ஆனால் அந்த வீச்சுக்குப் பின்னால் பல ஆண்டு வரைகோட்டுப் பயிற்சி இருக்கிறது. அடியில் உள்ள எலும்பின் வடிவம் புரியாமல் வீச்சின் தினுசை மட்டும் பிடித்தால் படம் கலகலப்பாக இருக்கும், முகம் இருக்காது. மூக்கும் உதடும் போன்ற சிறு பகுதிகளுக்கு வெர்மீர் சரி. முதல் முழு முகத்துக்கு இந்த இரண்டு எல்லைகளையும் நான் தவிர்ப்பேன்.

என் தேர்வு வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேஹா. பரேஹா வெலாஸ்கெஸின் பட்டறையில் அடிமையாக இருந்து உதவியவர். அதே ஆண்டில் விடுதலைப் பத்திரம் பெற்று, பின்னாளில் தானே ஓவியரானார். படம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை நான் சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம் தோலின் நிறம். ஐரோப்பிய மேதைகளின் உருவப்படங்களில் மிகப் பெரும்பாலானவை வெளுத்த முகங்கள். அவற்றிலிருந்து கற்ற கலவையை அப்படியே மாநிறத்திலோ கறுத்த நிறத்திலோ இருக்கும் முகத்துக்கு வைத்து, கூடக் கொஞ்சம் பிரவுன் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் முகம் மண்பூசியது போல் செத்துப்போகும்.

பரேஹாவின் நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்தைப் பாருங்கள். தோல் நிறத்தில் வெள்ளையைக் கூட்டியது போல அது இருக்காது. மினுமினுப்புச் சற்றுக் குளிர்ந்து, சாம்பல் பக்கம் சாய்ந்து நிற்கும். அதைச் சுற்றியுள்ள தோல் சூடாக இருப்பதால்தான் அது ஈரம்போல் பளிச்சிடுகிறது. கறுத்த தோலில் ஒளிப்புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் இருக்கும் இடைவெளி வெளுத்த தோலில் இருப்பதைவிட அதிகம். கழுத்தின் வெள்ளை லேஸ் காலர் முகத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. உடையும் பின்னணியும் பச்சை கலந்த சாம்பலாக அடங்கிப்போய் தோலின் சிவப்பை மேலே கொண்டுவருகின்றன. இந்தப் படத்தில் ஒரு கன்னத்தைச் சரியாகக் கலந்தவருக்கு, வீட்டில் இருக்கும் முகங்களை வரைய ஒரு சாவி கிடைத்துவிடுகிறது. மாநிற முகங்களுக்கு ரவி வர்மாவையும் தாராளமாக எடுக்கலாம். தோலும் நகையும் பட்டும் அருகருகே எப்படி நிற்கின்றன என்பதற்கு அவர் நல்ல பாடம். வெளிச்சம்-நிழல் பிரிவு மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் வாஷிங்டன் நேஷனல் காலரியில் இருக்கும் ரெம்பிராண்டின் 1659 சுயவுருவப்படம் நல்லது: முகத்தில் தடித்த பெயிண்ட், சுற்றிலும் மெலிந்த இருட்டு.

முழுப் படத்தையும் எடுப்பதா, ஒரு பகுதியையா? பகுதிதான், குறைந்தது முதல் சிலவற்றுக்கு. ஒரு கண்ணும் மூக்கின் பக்கமும், அல்லது வாயும் தாடையும். ஒரு பகுதியை ஒரே அமர்வில் ஈரம் காயுமுன் முடித்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். முழுப் படத்தைப் பிடித்தவர்கள் உடையின் மடிப்பிலும் பின்னணியிலும் வாரக்கணக்கில் உழைத்து, முகத்துக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். டிரேஸ் எடுக்கலாமா, கட்டம் போடலாமா என்று சண்டையே நடக்கும். என் பதில் எளிது: நிறம் கற்க உட்கார்ந்திருந்தால் தாராளமாக டிரேஸ் எடுங்கள், வரைகோடு கற்க என்றால் கூடாது.

மூல ஓவியத்துக்கு முன்னாலேயே ஓவியத் தாங்கியை நிறுத்தி வரைய முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். லூவர் 1793இல் திறந்த காலத்திலிருந்தே பிரதி எடுப்பவர்களை அனுமதித்துவருகிறது. பெயிண்ட் எங்கே மேடாக இருக்கிறது, எங்கே அடித்துணி தெரிகிறது என்பதை நேரில் பக்கவாட்டில் நின்றால்தான் பார்க்க முடியும். மற்றவர்களுக்குத் திரைதான் கதி, அதுவும் இப்போது மோசமில்லை. வாஷிங்டன் நேஷனல் காலரி, மெட்ரோபாலிடன், ரைக்ஸ்மியூசியம் போன்றவை தங்கள் ஓவியங்களின் மிகத் துல்லியமான படங்களை இலவசமாகவே தருகின்றன. கண்டபடி கிடைக்கும் படங்களில் ஒரே ஓவியம் ஒன்றில் சிவந்தும் இன்னொன்றில் பசுமையாகவும் இருக்கும், ஆகவே அருங்காட்சியகத்தின் படத்தையே எடுங்கள். திரை தானாக ஒளிவிடுவது, கேன்வாஸ் அப்படியல்ல. கேன்வாஸுக்கு அருகில் வைத்த வெள்ளைத் தாளும் திரையில் தெரியும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீரும். கறுப்பு வெள்ளையில் ஒரு அச்சுப்படமும் பக்கத்தில் இருக்கட்டும், டோன் சரிபார்க்க உதவும். வான் கோ 1889–90இல் பிரெஞ்சு ஓவியர் மிய்யேவின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளிலிருந்துதான் வரைந்தார், நிறமெல்லாம் அவருடையது.

பெயிண்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழையவர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. நம் கையில் இருக்கும் டைட்டேனியம் ஒயிட் அதைவிடக் குளிர்ந்தது, வீரியமும் அதிகம். அவர்கள் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும் அளவில் பாதியைக் கூட அள்ளாதீர்கள், முகம் சுண்ணாம்படித்தது போலாகிவிடும். கூடவே துளி ஓக்கர் கலந்துகொள்ளலாம்.

ஆக, யாருக்கு எது? முகத்தின் அளவுகளே இன்னும் தடுமாறுகிறவர் பெயிண்ட் பக்கம் இப்போது வரவேண்டாம். பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் 1866 முதல் 1871 வரை இன்னொரு ஓவியரான ஜெரோமோடு சேர்ந்து வெளியிட்ட வரைபாடத் தாள்களைப் பென்சிலிலோ கரியிலோ பிரதி எடுக்கட்டும். வான் கோ அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்து பழகியிருக்கிறார். பென்சிலில் நன்றாக வருகிறது, பெயிண்ட் தொட்டால் சேறாகிறது என்பவர் இன்றே ஒரு பிரதியைத் தொடங்கலாம், இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான். பிரதிகள் அழகாக வருகின்றன, ஆளைக் கண்டால் கை நடுங்குகிறது என்பவர் பிரதியைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்காரட்டும். புகைப்படத்திலிருந்து வழவழவென்று வரைந்து, ஏதோ உயிரில்லையே என்று தவிப்பவருக்கு ஹால்ஸின் ஒரு கன்னமும் ஒரு காலரும் போதும்.

தொடங்குகிறவர் பிரதியின் பகுதி முடிந்ததும் பாலெட்டைக் கழுவ வேண்டாம். அதே நான்கு நிறங்கள், அதே பிரஷ்கள், அதே பக்கத்து வெளிச்சம். வீட்டில் யாரையாவது அரைமணி நேரம் உட்காரச் சொல்லி, அதே பகுதியை மட்டும் வரையுங்கள். சாயல் வராவிட்டால் பரவாயில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிழலின் விளிம்பை எங்கே கூர்மையாக்கினீர்கள், எங்கே கரையவிட்டீர்கள் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து எந்தப் பகுதியைப் பிரதி எடுக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிரதியின் பின்பக்கத்தில் யாருடைய எந்த ஓவியத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதித் தேதி போட்டுவிடுங்கள். மேதையின் கையெழுத்தை மட்டும் போடாதீர்கள். லூவரிலும் அதற்கு அனுமதி கிடையாது, பிரதியின் அளவும் மூலத்திலிருந்து மாறியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி.